ஏற்காடு சாலை ரஷ் பிரிண்டும் வீட்டுக் கணினி எடிட்டிங்கும்

கல்யாண வீடியோவையும் குழந்தையின் பிறந்தநாள் புகைப்படங்களையும் வீட்டிலேயே வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க எந்த மென்பொருள் நல்லது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பட்டியல்தான். இதில் இத்தனை எஃபெக்ட், அதில் இத்தனை டிரான்சிஷன். ஜவுளிக்கடைப் பையில் இருக்கும் படத்தைப் பார்த்துப் புடவை எடுப்பது போன்ற வேலை இது. எடிட்டிங்கில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, சேலத்தின் பழைய சினிமா வரலாறு உதவும்.

திருச்செங்கோட்டில் 1907ல் பிறந்த டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். நூல் வியாபாரத்துக்குப் போயிருக்க வேண்டியவர் சினிமாவுக்கு வந்தார். 1935ல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937ல் முதல் படம் 'சதி அகல்யா' வந்தது. அந்த நிறுவனம் மொத்தம் நூறு படங்களுக்கு மேல் தயாரித்தது. சென்னைக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லாதபடி படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, ஃபிலிம் கழுவும் லேப், எடிட்டிங் அறை எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தன.

அந்த எடிட்டிங் அறையில் என்ன நடந்தது? 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி வேண்டும். மூன்று மணி நேரப் படம் என்றால் 16,200 அடி. எடுத்துவிட்டு வேண்டாம் என்று தள்ளியது இந்தக் கணக்கில் வராது. கேமராவிலிருந்து வரும் நெகட்டிவில் எடிட்டர் கை வைக்க மாட்டார். அதிலிருந்து எடுத்த ஒரு பாசிட்டிவ் பிரதியை, அதாவது ரஷ் பிரிண்ட்டை வைத்துக்கொண்டுதான் வெட்டுவார், ஒட்டுவார், பென்சிலால் கோடு போடுவார். பசை போட்டு ஒட்டிய இடத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினால் ஒரு ஃபிரேம் போகும். போனால் போகட்டும், அது ரஷ்தானே! எல்லாம் முடிவான பிறகு, ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்து நெகட்டிவை ஒரே ஒரு முறை வெட்டுவார்கள். அசலைத் தொடாதே, பிரதியில் விளையாடு என்பதுதான் அந்த அறையின் சட்டம்.

(இடையில் ஒரு சின்னச் செய்தி. 1940ல் அங்கே தயாரான 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். இன்று இரண்டு வீடியோ டிராக் உள்ள எந்த மென்பொருளிலும் பள்ளிக்கூடப் பையனே ஒரே சட்டத்துக்குள் தன்னை இரண்டு முறை நிறுத்திவிடுவான். அன்று அதைக் கேமராவிலேயே செய்ய வேண்டியிருந்தது.)

எண்பதுகளில் இந்தச் சட்டம் உடைந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது. கூடவே வி.சி.ஆர். வந்தது, கொஞ்ச நாளில் கல்யாண வீடியோவும் வந்தது. டேப்பை ஃபிலிம் மாதிரி வெட்ட முடியாது. ஒரு வி.சி.ஆரில் ஓட்டி இன்னொன்றில் பதிய வேண்டும். தாலி கட்டும் காட்சிக்கு முன்னால் மாப்பிள்ளை அழைப்பு விட்டுப்போய்விட்டதா? அந்த இடத்திலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் படம் மங்கிக்கொண்டே போகும். மாமா வீட்டுக்குப் போய்ச் சேரும் கேசட்டில் மணப்பெண்ணின் புடவைச் சிவப்பு கரைந்து வழியும்.

1995ல் டிவி என்ற டிஜிட்டல் டேப் முறை வந்தது. (பெயர்தான் குழப்பம், தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்.) ஃபயர்வயர் கம்பி வழியாக டேப்பில் இருப்பது அப்படியே, ஒரு புள்ளிகூட மங்காமல், கணினிக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. ஆகும். 1999ல் ஆப்பிளின் ஐமூவி, 2000ல் விண்டோஸ் எம்.ஈ.யோடு மூவி மேக்கர், விலை கொடுத்து வாங்க பினாக்கிள் ஸ்டூடியோ, யூலீட் வீடியோஸ்டூடியோ. தொழிலாக இதைச் செய்தவர்களுக்கு அடோபி பிரீமியர், கனோபஸ் எடியஸ். ஏற்காடு சாலையின் சட்டம் திரும்பி வந்துவிட்டது, அதுவும் இலவசமாக. டைம்லைனில் எத்தனை முறை வெட்டினாலும் வன்தட்டில் இருக்கும் அசல் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் மென்பொருளிடம் இருக்கும்.

இந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். 2003ல் எச்.டி.வி. முறை அறிவிக்கப்பட்டது, 2006ல் சோனியும் பானாசோனிக்கும் ஏ.வி.சி.எச்.டி.யைக் கொண்டுவந்தன. கணக்கைப் பாருங்கள். பழைய பால் முறைப் படம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு எச்.டி. 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. அப்படியிருந்தும் எச்.டி.வி. அதே சின்ன டேப்பில், அதே வேகத்தில் பதிந்தது. எப்படி? 12 ஃபிரேமில் ஒன்றைத்தான் முழுதாக வைத்தது. மற்ற 11ம், பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. ஏ.வி.சி.எச்.டி. இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கியது.

கேமராவுக்கு இது லாபம், எடிட்டிங்குக்குத் தலைவலி. ஏழாவது ஃபிரேமில் வெட்ட வேண்டுமென்றால் முதல் ஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டு ஏழாவதை உருவாக்க வேண்டும். அன்றைய வீட்டுக் கணினி திணறியது. பிளே அழுத்தினால் ஒலி ஓடும், படம் நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த மூவி மேக்கருக்கு ஏ.வி.சி.எச்.டி. கோப்பைத் திறக்கவே தெரியாது. விஸ்டாவில் எச்.டி.யாக வெளியே எடுக்கும் வசதி ஹோம் பிரீமியம், அல்டிமேட் பதிப்புகளில்தான் இருந்தது.

இதற்கு மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்த தீர்வுகள் இரண்டு. எடியஸ், சுருக்கிய கோப்பைத் தன் சொந்த வடிவத்துக்கு விரித்து வைத்துக்கொண்டது. வன்தட்டை விழுங்கும், ஆனால் வேலை வழுக்கிக்கொண்டு ஓடும். யூலீட் வீடியோஸ்டூடியோ 'ஸ்மார்ட் பிராக்ஸி' என்ற வழியைக் கொண்டுவந்தது. அசலுக்குப் பதில் தரம் குறைந்த ஒரு சின்னப் பிரதியை உருவாக்கும். அதில் வெட்டி ஒட்டி முடித்ததும், கடைசியில் அதே இடங்களில் அசலை எடுத்துப் படத்தை உருவாக்கும். இது சாட்சாத் ரஷ் பிரிண்ட்! சேலத்தில் ஓரத்து எண் செய்த வேலையை இங்கே டைம்கோடு செய்கிறது, அவ்வளவுதான். இன்று 4கே வீடியோவை வெட்டும் டாவின்சி ரிசால்வும் பிரீமியரும்கூட சாதாரணக் கணினியில் இதே வழியில்தான் மூச்சு விடுகின்றன. எனவே மென்பொருள் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த பிராக்ஸி வசதியை. எஃபெக்ட் எல்லாம் அப்புறம்.

ஊர்ப்பக்கத்துக்கே உரிய இன்னொரு தேவையும் இருந்தது. 2008லிருந்து 2012 வரை சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்பது சேலம், நாமக்கல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மணி நேர எச்.டி. வீடியோவை ரெண்டர் செய்ய இரவு முழுக்க ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. தானாகச் சேமித்துக்கொள்ளும் மென்பொருளாக இருந்தால் செய்த எடிட்டிங்காவது மிஞ்சும். அந்த நாட்களில் ஐம்பது எஃபெக்டை விட அந்த ஒரு வசதி பெரிது.

புகைப்பட ஸ்லைடுஷோவின் கதை வேறு. வெறும் 3 மெகாபிக்சல் படமே 2048க்கு 1536, முழு எச்.டி.யை விடப் பெரியது. ஆக, பழைய டிஜிட்டல் கேமராவின் படங்கள்கூட எச்.டி. ஸ்லைடுஷோவில் பளிச்சென்று இருக்கும். டெக்சஸ் மாநிலத்தின் போட்டோடெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட புரோஷோ கோல்டு, புரோஷோ புரொடியூசர் இரண்டும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ஆல்பத்தோடு சேர்ந்த தாம்பூலப் பை மாதிரி ஆகிவிட்டன. ஆனால் செய்ததையெல்லாம் டிவிடியில் பதிந்து கொடுத்தார்கள். டிவிடி வீடியோ 720க்கு 576ஐத் தாண்டாது. ஐந்தில் நான்கு பங்குப் புள்ளிகளை வீசிவிட்டு வெள்ளித் தட்டில் கொடுத்த கதை அது. எச்.டி. கோப்பாகவும் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

ஏனென்றால் மென்பொருள்களின் ஆயுள் குறைவு. யூலீட் 2006ல் கோரல் கைக்குப் போனது. பினாக்கிள் 2005ல் அவிட்டுக்கும் 2012ல் கோரலுக்கும் கைமாறியது. சோனி வேகாஸ் 2016ல் மேஜிக்ஸுக்குப் போனது. மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்தியது. போட்டோடெக்ஸ் 2020 ஜனவரி 31 அன்று கடையையே மூடியது. புரோஷோவின் புராஜக்ட் கோப்புக்குள் புகைப்படங்களே கிடையாது, எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். கணினி மாறி, ஃபோல்டரும் போனால் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. புராஜக்டைச் சேமித்தாயிற்று, கல்யாணம் பத்திரம் என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ!

இது நடக்காத ஊர் இல்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' எஸ்.நொட்டானி இயக்கத்தில் 1938ல் வெளிவந்தது. அதைத் தயாரித்ததும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். நெகட்டிவ், ரஷ், பிரிண்ட் என்று அத்தனையும் ஒரு காலத்தில் இருந்தன. இன்று ஒரு பிரதிகூட இல்லை. மிஞ்சியிருப்பவை பாட்டுப் புத்தகமும் சில புகைப்படங்களும்தான்.