அம்பலம் ஏறிய சொல்

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம்மவர் பழமொழி. நாடுகளுக்கும் இது பொருந்துமா? 1973-இல் சுமார் 30 லட்சம் மக்களே வாழ்ந்த நியூசிலாந்தின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

1963-இல் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் மூன்றும் வான்வெளியில் அணுகுண்டு வெடிப்பதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்ஸ் அதில் கையெழுத்திடவில்லை. 1966 முதல் தன் ஆளுகையிலுள்ள பிரெஞ்சுப் பாலினேசியாவின் முருரோவா பவளத்தீவில் வான்வெளிச் சோதனைகளை நடத்தியது. காற்றோடு வந்த கதிரியக்கத்தை நியூசிலாந்து விஞ்ஞானிகள் மழைநீரிலும் பாலிலும் அளந்தார்கள். அரசு கண்டனக் கடிதங்கள் அனுப்பியது. பலன்? பூஜ்யம்தான்.

1972 டிசம்பரில் பிரதமரான நார்மன் கிர்க் இதைச் சும்மா விடுவதாக இல்லை. அதில் ஆபத்தும் இருந்தது. 1973 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்துவிட்டது. இனி நியூசிலாந்து வெண்ணெய் பிரிட்டனில் விலைபோக பிரான்சின் தயவும் வேண்டும். வயிற்றுப்பிழைப்பா, வருங்காலச் சந்ததியா என்ற கேள்வி எழுந்தது. கிர்க் துணிந்தார்.

1973 மே 9-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் தனித்தனியே வழக்குத் தொடுத்தன. தங்கள் மண்ணில் கதிரியக்கம் படியும்படியான சோதனைகளைத் தவிர்க்குமாறு ஜூன் 22-இல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பிரான்ஸ் கோர்ட் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சோதனைகளைத் தொடர்ந்தது.

உடனே கிர்க் 'ஒட்டாகோ' என்ற போர்க்கப்பலை முருரோவா அருகே அனுப்பினார். சண்டைக்கு அல்ல, சாட்சிக்கு. அமைச்சர் ஃபிரேசர் கோல்மனும் அதில் சென்றார். பிறகு 'கான்டர்பரி' கப்பல் அதன் இடத்தைப் பிடித்தது. உலகப் பத்திரிகைகளின் பார்வை அந்தத் தீவின் மேல் திரும்பியது.

1974-இல் பிரான்ஸ் இறங்கி வந்தது. வான்வெளிச் சோதனைகளை நிறுத்துவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. ஒரு நாடு பகிரங்கமாகக் கொடுத்த வாக்கு சட்டப்படி அதைக் கட்டுப்படுத்தும், எனவே வழக்கைத் தொடரத் தேவையில்லை என்று டிசம்பர் 20-இல் நீதிமன்றம் கூறியது. சர்வதேசச் சட்டம் படிப்போர் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. அதைக் கேட்கக் கிர்க் உயிரோடு இல்லை. ஆகஸ்ட் 31-இல் காலமாகிவிட்டார்.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. சோதனைகள் நிலத்தடிக்கு மாறின, அவ்வளவுதான். 1985-இல் தென் பசிபிக் நாடுகள் ராரோடோங்கா ஒப்பந்தம் மூலம் தங்கள் பகுதியை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கின. 1995-இல் நியூசிலாந்து மறுபடியும் நீதிமன்றப் படியேறியது. முந்தைய தீர்ப்பு வான்வெளிச் சோதனைகளுக்கு மட்டுமே என்று 12-க்கு 3 என்ற கணக்கில் மனு தள்ளுபடியானது. ஆனாலும் உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்கிடையே, 1996 ஜனவரி 27-இல் பிரான்ஸ் தன் கடைசிச் சோதனையை முடித்துக்கொண்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்தை ஏற்றது. 1954-இலேயே சோதனைகளை நிறுத்தச் சொல்லி நேருவின் வாயிலாகக் குரல் கொடுத்த நம் இந்தியா, இதை எதிர்த்து வாக்களித்தது. அணு ஆயுத ஒழிப்புக்குக் காலக்கெடு சொல்லாத ஒப்பந்தம் பாரபட்சமானது என்பது இந்தியாவின் வாதம். அந்த ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

எளியவன் சொல்லும் அம்பலம் ஏறும். ஆனால் ஒரே தடவையில் ஏறிவிடாது. கடிதம், வழக்கு, கப்பல், ஒப்பந்தம், மறுபடி வழக்கு என்று முப்பது ஆண்டுகள் விடாமல் சொல்ல வேண்டியிருந்தது.