மலைப்படியும் மல்லர் கோதாவும்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் பலர், விடுமுறையில் ஊர் வரும்போது திருப்பதிக்கும் சென்று வரத் தவறுவதில்லை. நடந்தே மலையேறுவதாக அவருள் சிலர் வேண்டிக்கொண்டிருப்பர். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் பழைய நடைவழியில் 3,550 படிகள் உள்ளன. தொலைவு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சந்திரகிரிப் பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு என்னும் குறுக்கு வழியில் 2,388 படிகள். ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த ஒருவர், இருநூறு முந்நூறு படிகள் ஏறியதும் மூச்சு வாங்க ஓரமாக அமர்ந்துவிடுகிறார். தலையில் மூட்டையுடன் கிராமத்து மூதாட்டி ஒருவர், நிதானம் தவறாமல் அவரைக் கடந்து செல்கிறார். இக்காட்சி அவ்வழியில் அரியதன்று.

அம்மூதாட்டி உடற்பயிற்சிக் கூடத்தின் வாயிலையும் மிதித்தவர் அல்லர். எனின், அவருக்கு அவ்வலிமை எங்கிருந்து வந்தது? கூடம், வீடு, திறந்தவெளி என்னும் மூன்றனுள் உடலைப் பயிற்றுவதற்குத் தக்க இடம் யாது என்று இன்று பலரும் வினவுகின்றனர். சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைக்கிறது.

முதலில் ஓர் அரசரைக் காண்போம். 1509 முதல் 1529 வரை ஆண்ட விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர், திருமலைக்கு ஏழுமுறை வந்து வழிபட்டவர். அவருடைய உருவச் சிலையும் அவர்தம் தேவியர் இருவரின் சிலைகளும் இன்றும் கோயிலுள் நிற்கின்றன. 1520 அளவில் விசயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி தோமிங்கோ பயஸ், அரசரின் அன்றாட வழக்கத்தைக் குறித்து வைத்துள்ளார். பொழுது விடியுமுன் அரசர் நல்லெண்ணெய் பருகுவார். அதனையே உடலெங்கும் பூசிக்கொள்வார். மண்ணாற் செய்த பெரும் பளுக்களைத் தூக்குவார். எண்ணெய் முழுதும் வியர்வையாய் வெளியேறும் வரை வாள் சுழற்றுவார். பின்னர் மல்லர் ஒருவருடன் பொருதுவார். அதன்பின் குதிரையேறித் திறந்தவெளியில் விடியும்வரை விரைந்து திரிவார். இல்லத்துப் பயிற்சி, மற்போர்க் களம், திறந்தவெளி ஆகிய மூன்றும் ஒரே வைகறையில் அவருக்கு அமைந்திருந்தன. எதனைத் தேர்வது என்ற கவலை அவருக்கு எழவில்லை.

குடிமக்களுக்கும் அக்கவலை இல்லை. ஆனால் காரணம் வேறு. அவர்களுடைய பிழைப்பே பயிற்சியாக இருந்தது. வீட்டில் உலக்கையும் அம்மியும், வயலில் ஏற்றமும் ஏரும், ஊர்ப் பொதுவிடத்தில் சிலம்பமும் கர்லாக்கட்டையும் இருந்தன. சந்தைக்கும் உறவினர் ஊருக்கும் கால்நடையாகவே சென்றனர். திருமலைக்கும் அவ்வாறே. நடக்க இயலாதவரை டோலியில் வைத்துச் சுமந்தனர். அக்காலத்தில் மலையேறுதல் பக்தியாகக் கருதப்பட்டது. அதனைத் தேகாப்பியாசம் என்று எவரும் பெயரிட்டு அழைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறலாயிற்று. எழுத்து வேலையும் பள்ளிப் படிப்பும் பெருகின. உட்கார்ந்து வாழும் ஒரு வகுப்பார் தோன்றினர். வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்த சித்தூர், 1911இல் தன் பெயரிலேயே அமைந்த புதிய மாவட்டத்துக்குத் தலைநகராயிற்று. கச்சேரி, நீதிமன்றம், பள்ளி என்று நகர வாழ்வு விரிந்தது. தென்னாட்டு நகரங்கள் பலவற்றிலும் இதுவே நிலை. உடலுழைப்பு குறைந்த இடத்தில்தான் உடற்பயிற்சி ஒரு தனித் துறையாக முளைத்தது.

அது மூன்று கிளைகளாக வளர்ந்தது. முதலாவது கூடம். ஐரோப்பிய பலசாலியான யூஜின் சாண்டோ 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயரே ‘சாண்டோ’ என்று தமிழில் பட்டமாகி, பிற்காலத்தில் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும் நின்றது. வடகோடி ஆந்திரத்து வீரகட்டத்தில் 1882இல் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு, இரும்புச் சங்கிலியை அறுத்தும் மார்பின்மீது யானையைத் தாங்கியும் மக்களை வியப்பில் ஆழ்த்தினார். பெங்களூரில் கே. வி. ஐயர் பயிற்சிக் கூடம் நடத்தியதோடு அஞ்சல் வழியாகவும் பாடம் அனுப்பினார். இரண்டாவது வீடு. மராட்டிய நாட்டு ஔந்து சமஸ்தான அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, கருவி ஏதும் வேண்டாத சூரிய நமஸ்காரத்தை எளியோர் இல்லம்தோறும் பரப்ப முயன்றார். மூன்றாவது திறந்த மைதானம். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவி, விளையாட்டு வாயிலாக உடலை வளர்க்கும் ஆசிரியர்களை உருவாக்கினார்.

இந்நிலையில் 1944ஆம் ஆண்டு திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. வண்டிகள் மேலே ஏறின. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றுமுதல், நடந்து ஏறுதல் ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும் செயலாயிற்று. அது நேர்ந்த ஒன்பதே ஆண்டுகளில், 1953இல், இலண்டன் மருத்துவ அறிஞர் ஜெரமி மாரிஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். இரண்டடுக்குப் பேருந்தில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, ஓயாது படியேறி இறங்கும் நடத்துநருக்கு இதயநோய் குறைவு என்று அவர் கண்டார். இருவருக்கும் ஒரே வண்டி. வேறுபாடு படிகளில் இருந்தது. மூட்டை சுமந்த நம் மூதாட்டியின் வலிமைக்கும் இதுவே விளக்கம் எனலாம். அது அன்றாடம் சிறிது சிறிதாகச் சேர்ந்த வலிமை.

மூன்று இடங்களுக்கும் தனித்தனி நன்மை உண்டு, குறையும் உண்டு. கூடத்தில் தவறு திருத்தும் ஆசான் கிடைப்பார்; ஆனால் பணமும் நேரமும் வேண்டும். வீட்டில் செலவில்லை, மழை வெயில் தடையில்லை. ஆனால் தனிமையில் சோம்பல் எளிதில் வென்றுவிடும். திறந்தவெளியில் காற்றும் கூட்டாளிகளும் உண்டு; ஆனால் ஆபத்தும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைவழியில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன்பின் சிறுவர் அவ்வழியே செல்ல நேரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இதயநோய் உள்ளோர் நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு தேவஸ்தானமும் அறிவுறுத்தியுள்ளது. ஆண்டு முழுதும் சும்மா இருந்த உடலை ஒருநாளில் 3,550 படிகளுக்கு இழுத்துச் செல்வது, பயிற்சி ஆகாது. உடலுக்குச் செய்யும் கொடுமையே ஆகும்.

உலக நல நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பும், இரு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என்கிறது. அவற்றை எவ்விடத்தில் செய்வது என்பதை நம் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது.

ஊரை விட்டு வந்த நமக்கு, வயலும் வரப்பும் சந்தைக்கு நடக்கும் சாலையும் தொலைவாகிப் போயின. அந்த இழப்பை எந்த இடம் நமக்கு நாள்தோறும் ஈடு செய்யுமோ, அதுவே நமக்குரிய இடம். மும்பையின் ஓரறைக் குடியிருப்பில் வாழ்பவருக்கு அது மாடிப்படியாக இருக்கலாம். பெங்களூரில் இருப்பவருக்கு அருகிலுள்ள பூங்காவாகவோ கூடமாகவோ இருக்கலாம். அரசருக்கு மூன்றும் ஒருங்கே வாய்த்தன. நமக்கு ஒன்று வாய்த்தாலும் போதும். நாளை விடியற்காலையில் அதனைத் தொடங்குவோமாக. அடுத்த விடுமுறையில் அலிபிரிப் படிகளில் நிற்கும்போது, நம் மூச்சே அதற்குச் சான்று கூறும்.