மறைமலைநகர் எண்டெவர்: எஞ்சினும் கியர்பாக்ஸும் வகுத்த தலைமுறைகள்

மோட்டார் வாகனங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ஒரு வாகனத்தின் முகப்பு மாறியதையும், விளக்குகளின் வடிவம் மாறியதையும், மேற்கூட்டின் நீள அகலங்கள் கூடியதையும் குறைந்ததையும் அடையாளமாகக் கொண்டு அதன் தலைமுறைகளை வகுப்பதே இதுவரை வழக்கமாக இருந்து வருகிறது. விற்பனைக்கு அது வசதியான கணக்கு; கண்ணால் கண்டதும் விளங்கிவிடும். ஆயினும், 2003 முதல் 2021 வரை மறைமலைநகர் ஆலையிலிருந்து நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்துகொண்டிருந்த ஃபோர்டு எண்டெவர் என்னும் பெருவாகனத்தின் வரலாற்றை ஊன்றி நோக்கும்போது, இந்தப் பகுப்பு போதாது என்பதும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆதாரமாகக் கொண்டால் கம்பெனியார் இரண்டு என்று சொல்லும் தலைமுறைகள் உண்மையில் நான்கு என்பதும், அந்நான்கும் டீசலின் தரம், அரசாங்கச் சட்டம், சாலையின் சுபாவம் ஆகிய மூன்றின் நிர்ப்பந்தத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியவை என்பதும் புலனாகின்றன. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்த ஆலங்குளத்தில் இருந்துகொண்டு இதை ஆராய்வதில் ஒரு விசேஷ அனுகூலமும் உண்டு. கிழக்கே சமவெளியும், மேற்கே செங்கோட்டை, புளியரை வழியாகக் கோட்டைவாசலுக்கும் ஆரியங்காவுக்கும் ஏறும் மலைப்பாதையும் ஒரே பிரயாணத்தில் அடங்கிவிடுவதால், ஓர் எஞ்சினின் பலமும் பலவீனமும் இங்கே ஒரே நாளில் வெளிப்பட்டுவிடுகின்றன.

நம் நாட்டில் இவ்வகை வாகனத்தின் பூர்வீகம் ஜீப்பு. 1947-ஆம் ஆண்டு முதல் மஹிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பைக் கூட்டி விற்கத் தொடங்கிய பிறகு, வனத்துறைக்கும் தாலுகா ஆபீசுகளுக்கும் மலையேறத் தெரிந்த வாகனம் என்றால் நெடுங்காலம் அது ஒன்றுதான். ஏறும் சக்தியோடு சுகமாக அமர்ந்து செல்லும் வசதியும் வேண்டும் என்னும் விருப்பம் தொண்ணூறுகளில்தான் தலைதூக்கியது; 1991-இல் டாடா சியராவும் 1998-இல் டாடா சஃபாரியும் அதன் விளைவுகள். தமிழ்நாட்டில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி பஜேரோ 2002-இல் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினோடு கூட்டப்படலாயிற்று. மறைமலைநகர் ஆலையோ, 1995-இல் மஹிந்திராவும் ஃபோர்டும் சேர்ந்து ஏற்படுத்திய கூட்டு ஸ்தாபனத்திலிருந்து வளர்ந்து, ஐகான் முதலிய கார்களில் பழகிய பிறகு 2003-இல் எண்டெவரைக் கையில் எடுத்தது.

அந்த முதல் எண்டெவர், தாய்லாந்தில் எவரெஸ்ட் என்று வழங்கப்பட்டதும், மஸ்தாவின் கூட்டுறவால் பிறந்த ரேஞ்சர் என்னும் பிக்கப் சுமைவண்டியின் சட்டத்தின்மேல் எழுப்பப்பட்டதும் ஆகும். சுமைவண்டியின் வாரிசு என்பதை அது ஒருநாளும் மறைத்ததில்லை. பின்புறத்தில் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி, ஐந்து கியர் கொண்ட கைமுறைப் பெட்டி, சிலிண்டருக்கு மூன்று வால்வு வீதம் பன்னிரண்டு வால்வு கொண்ட 2.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் ஆகியவை அதன் அங்கங்கள். டீசலை நேரே சிலிண்டருக்குள் செலுத்தாமல், பக்கத்திலுள்ள ஒரு சிறு அறையில் பாய்ச்சி அங்கே எரியத் தொடங்கச் செய்யும் பழைய முறையைச் சேர்ந்தது அந்த எஞ்சின். இம்முறையில் உஷ்ணத்தின் ஒரு பகுதி அறைச்சுவர்களில் வீணாகும். ஆனால் டீசலின் தரம் சற்றே தாழ்ந்திருந்தாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். அன்றைய டீசலுக்கு அந்தப் பொறுமை அவசியமாகவே இருந்தது.

2007-இல் வெளிப்புறம் திருத்தப்பட்ட எண்டெவர் வந்தது. சட்டம் பழையது, லீஃப் பட்டைகளும் பழையவை. ஆகவே கம்பெனியார் கணக்கில் இது முதல் தலைமுறையின் திருத்தப் பதிப்பே. எஞ்சினைத் திறந்து பார்ப்பவனுக்கோ இது வேறு வாகனம். காமன் ரெயில் முறை புகுந்து, பதினாறு வால்வுகளோடு 2.5 லிட்டர் எஞ்சின் 143 குதிரைசக்தியும் 330 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், 3.0 லிட்டர் எஞ்சின் 156 குதிரைசக்தியும் 380 நியூட்டன் மீட்டரும் தரலாயின. காமன் ரெயில் என்பது, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தோடு சேமித்து வைத்து, மின்விசையால் திறக்கும் இன்ஜெக்டர்களின் வழியே, எந்தக் கணத்தில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அளந்து பாய்ச்சும் ஏற்பாடு. அந்த இன்ஜெக்டர்களின் துவாரங்கள் மிக நுண்ணியவை. அழுக்கு டீசலை அவை சகிப்பதில்லை.

இந்த இடத்தில் அரசாங்கச் சட்டத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் எஞ்சினின் வரலாறு இதிலிருந்து பிரிக்கக்கூடியதன்று. டீசலில் கந்தகத்தின் அளவு, வாகனப் புகைக்கு அரசாங்கம் வகுத்த பாரத் ஸ்டேஜ் விதிகளின் இரண்டாம் படியில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு, மூன்றில் 350, நான்கில் 50, ஆறில் 10 என்று படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் இக்குறைப்பு நாடு முழுவதற்கும் ஒரே நாளில் நேர்ந்ததன்று. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு நான்காம் படி வந்தபோது, நாட்டின் மற்றப் பகுதிகள் மூன்றாம் படிக்கு வந்து சேர்ந்தன. நான்காம் படி எங்கும் கட்டாயமானது 2017 ஏப்ரலில். ஒரே ராஜ்யத்துக்குள் இரண்டு விதிகள் நடைமுறையில் இருந்த அந்த ஏழாண்டுக் காலத்தில், சென்னையில் பதிவாகும் வாகனத்துக்கு ஒரு நியாயமும் ஆலங்குளத்துச் சாலையில் ஓடும் வாகனத்துக்கு வேறொரு நியாயமுமாக இருந்தது நம் மாகாணத்துப் போக்குவரத்து வரலாற்றில் வருந்தத்தக்க ஓர் அத்தியாயம் என்றே நான் கருதுகிறேன். கிராமத்தான் சுவாசிக்கும் காற்று நகரத்தான் சுவாசிக்கும் காற்றுக்குத் தாழ்ந்ததாக இருக்கலாம் என்னும் அனுமானம் அதில் ஒளிந்திருந்தது.

2009-இல் 3.0 லிட்டர் எஞ்சினோடு ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி சேர்ந்தது. அதே ஆண்டில் டொயோட்டா ஃபார்ச்சூனர், 171 குதிரைசக்தியோடும் பின்புறத்தில் கம்பிச்சுருள் ஸ்பிரிங்குகளோடும் சந்தைக்கு வந்து எண்டெவரின் பழமையை வெளிப்படையாக்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் எண்டெவருக்குத் தேக்கமே.

தேக்கம் நீங்கியது 2016 ஜனவரியில். ஆஸ்திரேலியாவிலுள்ள ஃபோர்டு பொறியாளர்களின் தலைமையில் புதிதாக வகுக்கப்பட்ட இரண்டாம் எண்டெவர், சட்டத்தின்மேல் கூடு என்னும் பழைய அமைப்பை விடாமலே, லீஃப் பட்டைகளைக் கைவிட்டுக் கம்பிச்சுருள்களையும், பின் அச்சு பக்கவாட்டில் அசையாமல் நேராக ஏறியிறங்கச் செய்யும் வாட் இணைப்பையும் ஏற்றது. 800 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கும் திறனும், மணல், பாறை, சேறு என நிலத்துக்கேற்ப எஞ்சினையும் கியரையும் பிரேக்கையும் ஒருங்கே இணக்கும் ஏற்பாடும் அதில் இருந்தன. 2.2 லிட்டர் எஞ்சின் 160 குதிரைசக்தியும் 385 நியூட்டன் மீட்டரும், 3.2 லிட்டர் எஞ்சின் 200 குதிரைசக்தியும் 470 நியூட்டன் மீட்டரும் தந்தன. பெரிய எஞ்சினுக்கு ஆறு கியர் ஆட்டோமேட்டிக் மட்டுமே துணை.

அந்த 3.2 லிட்டர் எஞ்சினைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். அதற்குச் சிலிண்டர்கள் ஐந்து. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் 180 பாகை சுழலும்தோறும் ஒரு சிலிண்டர் எரிகிறது. ஒரு பிஸ்டன் தள்ளும் காலமும் 180 பாகையே ஆதலால், ஒன்று தள்ளி முடித்த இடத்தில்தான் அடுத்தது தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையில், எந்தப் பிஸ்டனும் வலுவாகத் தள்ளாத ஒரு கணம் நேர்வது தவிர்க்க முடியாதது. ஐந்து சிலிண்டரில் 144 பாகைக்கு ஒரு தரம் எரிதல் நிகழ்வதால், முன்னது தள்ளி முடிவதற்கு 36 பாகை இருக்கும்போதே பின்னது தள்ளத் தொடங்கிவிடுகிறது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் சுருதி அறுந்துபோகாமல் ஒத்துக்காரர் தாங்கிப் பிடிப்பது போன்ற தொடர்ச்சி அது. புளியரைக்கு மேலே, கேரளத்துக்குக் கல்லும் மணலும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னால், வேகம் எடுக்கவும் இயலாமல் நிற்கவும் இயலாமல் வளைவுக்கு வளைவு ஊர்ந்து ஏறவேண்டிய பிரயாணத்தில், குறைந்த சுழற்சியிலும் திணறாத இந்தத் தொடர்விசையின் அருமை, அதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். 1750 முதல் 2500 சுழற்சி வரை அதன் முழு முறுக்குவிசையும் கைவசம் இருந்தது.

ஆனால் அது பிறந்த வேளை நல்ல வேளையன்று. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, டில்லித் தலைநகர்ப் பிரதேசத்தில் 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்வதற்குத் தடை விதித்திருந்தது. அடுத்த மாதமே வெளியான எண்டெவரின் இரண்டு எஞ்சின்களும் அந்த வரம்புக்கு மேற்பட்டவை. மஹிந்திரா நிறுவனத்தார் உடனே 1.99 லிட்டர் எஞ்சின் ஒன்றைச் செய்து தங்கள் வாகனங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எண்டெவருக்கு அந்த மார்க்கம் இருக்கவில்லை. 2016 ஆகஸ்டில், விலையில் ஒரு சதவிகிதத்தைப் பசுமை வரியாகச் செலுத்தவேண்டும் என்னும் நிபந்தனையோடு தடை நீங்கியது. தடை நீங்கினாலும், பெரிய டீசல் எஞ்சினுக்கு இந்நாட்டில் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்னும் எச்சரிக்கை நீங்கவில்லை.

2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் ஆறு, இம்முறை நகரம் கிராமம் என்னும் பேதமின்றி, நாடு முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னதாகவே எண்டெவரின் 2.2, 3.2 லிட்டர் எஞ்சின்கள் இரண்டும் விலகி, 170 குதிரைசக்தியும் 420 நியூட்டன் மீட்டரும் தரும் ஒரே ஒரு 2.0 லிட்டர் எஞ்சினும், பத்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் அவற்றின் ஸ்தானத்துக்கு வந்தன. கைமுறைக் கியர் அடியோடு மறைந்தது. வெளித்தோற்றத்தில் மாறுதல் மிகச் சொற்பம். ஆகவேதான் இந்த மாறுதல் பலருடைய கண்ணில் படாமலே போயிற்று; என் மதிப்பீட்டிலோ எண்டெவரின் பதினெட்டு ஆண்டுச் சரித்திரத்தில் இதுவே மிகப் பெரிய மாறுதல்.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும், பரம வைரிகளாயிருந்தும், செலவைப் பகிர்ந்துகொள்ளக் கைகோத்து உருவாக்கியது அந்தப் பத்து கியர் பெட்டி. நான்கு கோள்முறைப் பற்சக்கரத் தொகுதிகளும் ஆறு கிளட்சுகளும் அதற்குள் அடங்கியிருந்தன. பழைய ஆறு கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 4.171, புதியதில் 4.696. பழைய 470 நியூட்டன் மீட்டரை 4.171-ஆல் பெருக்கினால் 1960. புதிய 420-ஐ 4.696-ஆல் பெருக்கினால் 1972. அச்சிலுள்ள கடைசி விகிதத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஒரு சிலிண்டரையும் 1.2 லிட்டரையும் இழந்த எஞ்சின், முதல் கியரில் பழைய எஞ்சினுக்கு இம்மியும் குறையாத விசையையே பெட்டியின் மறுமுனையில் தந்தது என்பது இதனால் பெறப்படுகிறது. எஞ்சின் இழந்ததைப் பற்சக்கரம் ஈடுசெய்தது.

கதை இவ்வளவில் முடியவில்லை. புதிய எஞ்சினின் முழு முறுக்குவிசை 2000 முதல் 2500 சுழற்சி வரையிலேதான் கிட்டும். பழையதற்கு இருந்த 750 சுழற்சி விஸ்தாரம் இதற்கு 500 ஆகக் குறுகிவிட்டது. குறுகிய மேடையில் நிற்க வேண்டியவனுக்குப் படிகள் நெருக்கமாக இருக்கவேண்டும். முதல் கியரில் 3000 சுழற்சியில் ஓடும் எஞ்சின், பழைய பெட்டியில் இரண்டாம் கியருக்கு மாறியதும் சுமார் 1680-க்கு விழும். புதிய பெட்டியில் சுமார் 1900-இல் நின்றுவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இடைவெளி இன்னும் குறுகுகிறது. கோட்டைவாசல் ஏற்றத்தில் லாரியைக் கடக்க ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, தேவைக்கேற்ப இரண்டு மூன்று கியர்களை ஒரே தாவலில் தாண்டி இறங்குவதும் இந்த நெருக்கத்தினால் சாத்தியமாயிற்று. ஆயினும், ஐந்து சிலிண்டரின் அந்த ஆழ்ந்த ஓசையையும் அவசரமற்ற இழுவையையும் எந்தப் பற்சக்கரமும் திருப்பித் தந்துவிடவில்லை என்பதையும் நடுநிலையோடு சொல்லத்தான் வேண்டும்.

ஆக, பக்க அறையில் எரியும் பழைய டீசல் எஞ்சினும் கைமுறைப் பெட்டியும் முதல் தலைமுறை. காமன் ரெயிலும், பின்னர் வந்து சேர்ந்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும் இரண்டாவது. பெரிய எஞ்சினும் ஆறு கியரும் மூன்றாவது. சிறிய எஞ்சினும் பத்து கியரும் நான்காவது. இவற்றுள் முதலிரண்டும் ஒரே சட்டத்தின்மேலும், பின்னிரண்டும் மற்றொரு சட்டத்தின்மேலும் பிறந்தவை. நான்காம் தலைமுறைக்கு ஆயுள் மிகக் குறைவு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததும் எண்டெவரின் வரலாறு இங்கே நின்றுபோயிற்று. ஏற்றுமதிக்கான சிறு கார்களை முடித்துவிட்டு 2022-இல் மறைமலைநகர் ஆலையும் ஓய்ந்தது. அதே 2022-இல் தாய்லாந்தில் பிறந்த புதிய எவரெஸ்ட், ஆறு சிலிண்டர் கொண்ட 3.0 லிட்டர் டீசல் எஞ்சினையும் 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் அதே பத்து கியர் பெட்டியோடு பொருத்திக்கொண்டது. அது நம் ஆலையின் வாசலைக் காணவில்லை. 2024 செப்டம்பரில் மறைமலைநகரில் ஏற்றுமதிக்காக மீண்டும் உற்பத்தி தொடங்கும் விருப்பத்தை ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குத் தெரிவித்தது; 2025 அக்டோபர் இறுதியில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்கு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2029 முதல் அங்கே தயாராகப் போவது முழு வாகனமன்று. ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள்.