பனிக்கு எத்தனை வார்த்தை? ஒரு நக்கல் கட்டுரையின் கதை

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி, நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல கம்யூனிகேஷன் ட்ரெய்னிங் நடந்தது. ட்ரெய்னர் ஸ்கிரீன்ல ஒரு பனிவீட்டுப் படத்தைப் போட்டு, "எஸ்கிமோக்கள்கிட்ட பனிக்கு மட்டும் 50 வார்த்தை இருக்கு, தெரியுமா?" என்று கேட்டார். ஹால் முழுக்க "ஓ...!" நானும்தான். அதோட விட்டேனா? அடுத்த ஆறு மாசம் டீக்கடை, கல்யாண வீடு, ரயில் பயணம் என்று போன இடமெல்லாம் அதை எடுத்து விட்டேன். ஒரு ஆள்கூட "யாருப்பா எண்ணினது?" என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருத்தரைப் பற்றியும், அவர் கண்டுபிடித்ததை வைத்து மொழியியல் உலகத்தையே சிரிக்க வைத்த இன்னொருத்தரைப் பற்றியும்தான் இன்னைக்குக் கதை. சிரிப்பு எங்கே சறுக்கியது என்பதும் கதையில் வரும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். "எஸ்கிமோ" என்ற பெயரை அந்த மக்களில் பலர் விரும்புவதில்லை. இன்யூட், யூபிக் என்று தனித்தனி மக்கள், தனித்தனி மொழிகள். பழைய புத்தகங்களும் கட்டுரைகளும் அந்தப் பெயரில்தான் பேசுகின்றன என்பதால், அந்த இடங்களில் மட்டும் நானும் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை 1883-ல் தொடங்குகிறது. ஃபிரான்ஸ் போவாஸ் என்ற ஜெர்மன் இளைஞர், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், கனடாவின் வடக்கே இருக்கும் பேஃபின் தீவுக்குக் கப்பலேறுகிறார். அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி தண்ணீரின் நிறத்தைப் பற்றியது. ஆனால் இன்யூட் மக்களோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்ததும் ஆர்வம் மனிதர்கள் பக்கம் திரும்பிவிட்டது. பின்னாளில் அமெரிக்க மானுடவியலுக்கே அவர்தான் அடித்தளம் போட்டார்.

1911-ல் அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பற்றிய பெரிய கையேடு ஒன்றுக்கு முன்னுரை எழுதுகிறார். அதில் போகிற போக்கில் ஒரு உதாரணம். ஆங்கிலத்தில் ஏரி, ஆறு, மழை, பனித்துளி, அலை, நுரை எல்லாமே தண்ணீர்தான், ஆனால் தனித்தனிச் சொற்கள். அதே மாதிரி இன்யூட் மொழியில் தரையில் கிடக்கும் பனிக்கு "அபுட்", விழுந்துகொண்டிருக்கும் பனிக்கு "கனா", காற்றில் அடித்துக்கொண்டு போகும் பனிக்கு "பிக்சிர்பொக்", குவிந்து கிடக்கும் பனிக்கு "கிமுக்சுக்". மொத்தம் நாலு. அவ்வளவுதான்.

எதுக்காகச் சொன்னார் என்பதுதான் முக்கியம். "காட்டுமிராண்டி மொழிகள்" என்று ஐரோப்பியர்கள் ஏளனமாகப் பேசிய காலம் அது. ஒவ்வொரு மொழியும் உலகத்தைத் தன் தேவைக்கேற்ப பிரித்துக்கொள்கிறது, ஆங்கிலமும் அதைத்தான் செய்கிறது, யாரும் மேலும் இல்லை கீழும் இல்லை: இதுதான் போவாஸின் வாதம். அந்த உதாரணமே பின்னாடி ஒரு மக்களை வேடிக்கைப் பொருளாக்கும் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

அடுத்த ஆள் பெஞ்சமின் லீ வோர்ஃப். இவர் வேலை பார்த்தது ஒரு தீ விபத்து இன்சூரன்ஸ் கம்பெனியில். மொழியியல் பகுதிநேரக் காதல். "காலி" என்று எழுதியிருக்கும் பெட்ரோல் டிரம் பக்கத்தில் ஆட்கள் தைரியமாக சிகரெட் பிடிப்பதையும், காலி டிரம்முக்குள் இருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து என்பதையும் கவனித்தவர். ஒரு வார்த்தை மனிதனின் நடத்தையை மாற்றுகிறதே என்று யோசித்தவர். நல்ல கவனிப்புதான், மறுக்க முடியாது. ஆனால் 1940-ல் பொது வாசகர்களுக்கு எழுதிய ஒரு கட்டுரையில் அவர் பனி விஷயத்தையும் எடுத்தார். ஆங்கிலேயனுக்கு எல்லாமே ஒரே பனி, எஸ்கிமோவுக்கு அப்படி ஒரு பொதுச் சொல்லை நினைத்துப் பார்க்கவே முடியாது என்கிற மாதிரி. அவர் இன்யூட் மக்களிடையே போய் ஆய்வு செய்தவர் இல்லை. எண்ணிக்கையும் சொல்லவில்லை. கட்டுரை வந்த மறு வருஷமே இறந்துபோனார்.

அவர் சொல்லாத எண்ணிக்கையை ஊர் சொன்னது. பாடப்புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின. 1978-ல் ஒரு அமெரிக்க நாடகத்தில் 50. 1984-ல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் 100. கிளீவ்லேண்ட் நகரத்தில் ஒரு வானிலை அறிக்கையில் 200. நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப் கெட்டது போங்க.

அந்தக் கிளீவ்லேண்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் லாரா மார்ட்டின் என்று ஒரு மானுடவியலாளர் இருந்தார். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று புத்தகம் புத்தகமாகப் பின்னோக்கிப் போனார். 200-லிருந்து 100, 100-லிருந்து 50, கடைசியில் போவாஸின் நாலில் போய் நின்றார். தங்கள் துறையின் பாடப்புத்தகங்களே சரிபார்க்காமல் ஒன்றையொன்று காப்பியடித்திருக்கின்றன என்பதை 1982-ல் ஒரு மானுடவியல் மாநாட்டில் எடுத்து வைத்தார். அது அச்சில் வர 1986 ஆனது, அதுவும் ரொம்பவே சுருக்கி. எத்தனை பேர் படித்திருப்பார்கள்? இந்தத் துறையில் இருப்பவர்களே பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இங்கேதான் நம்ம நக்கல் மன்னன் உள்ளே வருகிறார்: ஜெஃப்ரி புல்லம். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு ராக் பேண்டில் கீபோர்டு வாசித்தவர். ஜீனோ வாஷிங்டன் அண்ட் தி ராம் ஜாம் பேண்ட், அறுபதுகளில் பிரிட்டனில் பிரபலம். பிறகு மொழியியலுக்கு வந்து பேராசிரியரானார். எண்பதுகளில் ஒரு கனமான மொழியியல் ஆய்விதழில் அவருக்குக் கிண்டலுக்கென்றே ஒரு பத்தி இருந்தது. வாக்கிய அமைப்புக் கோட்பாடுகள், வரைபடங்கள், அடிக்குறிப்புகள் எல்லாம் நிறைந்த ஒரு இதழின் நடுவில் ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு சக பேராசிரியர்களைக் கலாய்க்கிறார் என்று நினைத்துப் பாருங்க. நம்ம ஊர்க் கருத்தரங்குகளில் இதற்கு இடம் உண்டா? "தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை"க்கு நடுவில் ஒரு "நக்கலுரை"?

1989-ல் அந்தப் பத்தியில் வந்ததுதான் பனிக் கட்டுரை. தலைப்பைத் தமிழில் சொன்னால், "மாபெரும் எஸ்கிமோ சொல் புரளி". 1991-ல் அதே தலைப்பில் அவருடைய பத்திகள் புத்தகமாகவும் வந்தன. கண்டுபிடிப்பு மார்ட்டினுடையது என்பதை புல்லம் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறார். அவர் கொண்டுவந்தது கோபமும் சிரிப்பும்.

அவர் வாதத்தை நம்ம பாணியில் சொல்கிறேன். பனியில் வாழ்கிறவர்களுக்குப் பனிச் சொற்கள் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். சரி, அதில் என்ன ஆச்சரியம்? அச்சுத் தொழிலில் இருப்பவருக்கு எழுத்துருக்களின் பெயர் நிறையத் தெரியும், அதனால் அவர் மூளை வேறு மாதிரி என்று யாராவது சொல்வார்களா? இது அவர் கொடுத்த உதாரணம். என் உதாரணம் சோறு. ஆங்கிலத்தில் ரைஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வதை நாம் நெல், அரிசி, சோறு என்று பிரிக்கிறோம். குருணை, அவல், பொரி வேற. இதை வைத்து, "தமிழர்களின் மனம் அரிசி வடிவில் இயங்குகிறது" என்று ஒரு வெள்ளைக்கார ட்ரெய்னர் ஸ்லைடு போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "இக்லுக்சாக்" என்பதை வீடு கட்டும் பனி என்று பனிப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்தால் "வீடு கட்டுவதற்கான பொருள்" என்றுதான் அர்த்தம். அப்படியானால் பலகை, ஆணி, செங்கல் எல்லாம் பனியா என்று புல்லம் கேட்கிறார்.

எண்ணிக்கைப் பிரச்சினையும் இருக்கிறது. இன்யூட், யூபிக் மொழிகளில் ஒரு வேர்ச்சொல்லோடு ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆங்கிலேயனுக்குப் புரிய வைக்கக் கஷ்டம், தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்துதானே" என்பது நமக்கு ஒரே சொல். இப்படி எண்ணினால் தமிழில் "போ" என்பதற்கு ஆயிரக்கணக்கில் வார்த்தை தேறும். ஆந்தனி உட்பரி என்ற மொழியியலாளர் 1991-ல் பொறுமையாக உட்கார்ந்து ஒரு யூபிக் அகராதியைப் புரட்டினார். பனி சம்பந்தப்பட்ட அடிப்படைச் சொற்கள் 15 தேறின. ஆனால் ஒரு பெயர்ச்சொல் மட்டுமே 280-க்கும் மேற்பட்ட வடிவங்கள் எடுக்கும் என்கிறார். ஆக 15-உம் சரி, ஆயிரங்களும் சரி. எதை "ஒரு வார்த்தை" என்கிறோம் என்பதுதான் கேள்வி.

புல்லம் கட்டுரையின் முடிவில் வாசகர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறார். யாராவது மேடையில் இந்தப் பனிக் கதையை எடுத்துவிட்டால் எழுந்து நில்லுங்கள், 1927-ல் வந்த கிரீன்லாந்து மொழி அகராதியில் இதற்குப் பொருந்தக்கூடிய வேர்ச்சொற்கள் இரண்டுதான் என்று சொல்லுங்கள், என்கிறார்.

சொன்னார்கள். நல்லாவே சொன்னார்கள். இங்கேதான் சறுக்கல்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு படித்தவர்கள் மத்தியில் கதை தலைகீழானது. "எஸ்கிமோ பனிக் கதையா? அதெல்லாம் கட்டுக்கதை சார், ரெண்டே வார்த்தைதான்" என்று சொல்வது அறிவாளியின் அடையாளம் ஆகிவிட்டது. நானும் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு டீக்கடைக்குத் திரும்பிப் போய் இதைத்தான் சொன்னேன். அதே அலட்டல், எண் மட்டும் வேற. அந்த முறையும் நான் ஒரு இன்யூட் அகராதியையும் தொட்டதில்லை. புல்லம் திட்டியது சரிபார்க்காமல் பரப்புவதை. அவருடைய ரசிகர்கள், என்னையும் சேர்த்துத்தான், செய்தது சரிபார்க்காமல் மறுப்பதை. அவர் கட்டுரை அவ்வளவு சுவாரசியம், இரண்டாவது தடவை யோசிக்கவே தோணல.

2010-ல் இகோர் க்ருப்னிக், லுட்கர் மியூலர்-வில்லே என்ற இரண்டு ஆய்வாளர்கள் போவாஸின் பழைய பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 1911 முன்னுரையில் நாலு சொன்னவர், பேஃபின் தீவில் இருந்தபோது பனிக்கும் ஐஸுக்கும் அதைவிட எவ்வளவோ அதிகமான சொற்களைக் குறித்து வைத்திருக்கிறார். நாலு என்பது உதாரணத்துக்குக் கிள்ளி எடுத்தது. அந்த மொழிகளில் பனிச் சொற்கள் உண்மையிலேயே வளமாகத்தான் இருக்கின்றன என்பது அவர்களுடைய முடிவு. 50, 100 என்று அடித்துவிட்டவர்களுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் "ரெண்டே ரெண்டு" என்று சிரித்தவர்களும் முழுசாகச் சரியில்லை.

அலாஸ்காவில் வேல்ஸ் என்று ஒரு கடலோர ஊர், ரஷ்யாவைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே வின்டன் வெயாபுக் என்ற இன்யூபியாக் வேட்டைக்காரரும் க்ருப்னிக்கும் சேர்ந்து கடல் ஐஸுக்கான சொற்களை மட்டும் தொகுத்து 2012-ல் ஒரு படஅகராதி போட்டார்கள். 100-க்கும் மேற்பட்ட சொற்கள். எந்த ஐஸ் ஆளைத் தாங்கும், எது உடைந்து கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. அந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் வயதானவர்கள்தான், கடல் ஐஸும் முன்ன மாதிரி உறைவதில்லை. இவ்வளவு காலம் பேராசிரியர்கள் ஒருத்தரை ஒருத்தர் திருத்திக்கொண்டிருந்த விஷயத்தில், ஐஸ் மேல் நடக்கிறவரின் பெயர் அட்டையில் வந்தது.

கலாய்ப்பால் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. மார்ட்டினின் உழைப்பு நமக்குத் தெரிய வந்ததே புல்லத்தின் வாயால்தான். ஒரு துறை தன் மூஞ்சியைத் தானே கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பது ஆரோக்கியம் என்றே நினைக்கிறேன். எனக்கு இருக்கும் வருத்தம் ஒன்றுதான். கட்டுரைத் தலைப்பைச் சொன்னால் எல்லாருக்கும் புல்லம் ஞாபகம் வருகிறது, லாரா மார்ட்டின் வருவதில்லை.

பனிக் கதை இன்னும் ஓயவில்லை. "எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு இத்தனை வார்த்தை என்றால், நம்ம ஊர்ல டிராஃபிக்குக்கு எத்தனை இருக்கணும்" என்பது மாதிரி வெற்றிடத்தை நிரப்பும் மீம் டெம்ப்ளேட் வாக்கியங்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று 2003-ல் புல்லமே இணையத்தில் கேட்டார். மறு வருஷம் க்ளென் விட்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கொடுத்த பெயர் "ஸ்னோக்ளோன்". அது இப்போது துறைச் சொல்லாகவே ஆகிவிட்டது. புரளியை ஒழிக்கப் போனவர், அதற்கு ஒரு குட்டியையும் போட வைத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. 2016-ல் டெரி ரெஜியர் குழுவினர் பல மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பனிக்கும் ஐஸுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிகள் பெரும்பாலும் வெப்பமான ஊர்களில் பேசப்படுகின்றன என்று தெரிந்தது. இவ்வளவு நேரம் நான் "பனி, பனி" என்று பேசினேனே, கவனிச்சீங்களா? மார்கழி காலையில் சென்னையில் பைக் சீட்டை நனைப்பதும் பனி, காஷ்மீரில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதும் பனி. நமக்கு ஒரே வார்த்தை போதும், ஏன்னா சீட்டைத் துடைச்சா வேலை முடிஞ்சுது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவங்க, உங்க வீட்டுப் பெரியவங்க இதுக்கு வேற சொல் ஏதாவது வச்சிருந்தா எழுதி அனுப்புங்க. கேட்டு, சரிபார்த்துட்டு, அடுத்த எபிசோட்ல சொல்றேன்.