துண்டுகள் வீணாகாத எண்

மேற்கு மாம்பலத்தில் வாழும் நம்மில் பலர், மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் செல்லும்போது சேத்துப்பட்டைக் கடந்து போகிறோம். கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று, தம் 32ஆம் வயதில் உயிர்நீத்தது அங்கேதான். 1912இல் அவர் எழுத்தராகப் பணியேற்ற துறைமுகமும் அந்த ரயில் சென்று சேரும் கடற்கரையை அடுத்தே உள்ளது. அவர் நமக்கு விட்டுச்சென்ற எண்களுள் ஒன்று 6746328388800; அதாவது, 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

ஓர் எண்ணின் பெருமை எதில் இருக்கிறது? அளவில்தான் என்றால், ஒன்றைக் கூட்டியதும் அப்பெருமை அடுத்த எண்ணுக்குப் போய்விடும். இராமானுஜன் வேறோர் அளவுகோலைக் கொண்டார். தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான காரணிகளை உடைய எண்ணை 'உயர் பகு எண்' எனலாம். 12க்கு 6 காரணிகள். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. 24, 60 ஆகியவையும் இவ்வகையே. பலருக்கும் மீதியின்றிப் பங்கிட ஏற்றவை இவை.

மேற்சொன்ன பேரெண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒருமுறையும் பெருக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறைக்கணக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10080 காரணிகள் கிடைக்கும். சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைவாக வருவதில்லை. வந்தால், அவ்விரண்டையும் இடம் மாற்றி, அதே அளவு காரணிகளுடன் அதைவிடச் சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம் அன்றோ!

1915இல் இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட நெடிய கட்டுரையில் இராமானுஜன் இவ்வெண்களை அட்டவணையிட்டார். இதன் பேரிலேயே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. அட்டவணையின் இறுதி எண் நாம் கண்ட பேரெண்ணே. ஆயினும் இடையில் 293318625600 விடுபட்டுப்போயிற்று. அதனை 23ஆல் பெருக்கினால் வருவது அந்த இறுதி எண்தான்!

விடுபட்டது அது மட்டுமன்று. கழகத்தின் பணமுடை காரணமாக, எழுதியவற்றில் ஒரு பகுதியை இராமானுஜன் அச்சுக்குத் தராமல் நிறுத்திக்கொண்டார். கையெழுத்தாகவே கிடந்த அப்பகுதி 1988இல் புதுதில்லியில் அச்சேறியது. 1997இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் நிக்கோலாவும் ரோபனும் குறிப்புரையுடன் அதனை வெளியிட்டனர்.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பின்னரும், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் சீடர்களைப் பணித்ததை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். பகிர்வது ஒரு பணி. எஞ்சியதைத் திரட்டிக் காப்பது மற்றொரு பணி. நம் பங்குகளிலும் இல்லங்களிலும் முன்னோர் எழுதிவைத்த ஏடுகள் எத்தனையோ கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டும் கூடை நம் கையில் இருக்கிறதா?