ரோட்டா வைரஸ்

கைக்குழந்தைகளுக்கும் கன்று, பன்றிக்குட்டிகளுக்கும் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் தீநுண்மி. இதன் மரபுப்பொருள் 11 துண்டுகளாக அமைந்த ஈரிழை ஆர்.என்.ஏ.; அதைச் சுற்றி மூன்றடுக்குப் புரத உறை. மனிதரிடம் இதை 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்தனர்.

ஒரே செல்லுக்குள் இரு வகை வைரஸ்கள் புகுந்தால், சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல் துண்டுகள் இடம்மாறிப் புது வகை பிறக்கலாம். நோயைக் கண்காணிப்போருக்கு இது தலைவலி; தடுப்பு மருந்துக்கோ வரமாயிற்று. டெல்லியில் பச்சிளம் குழந்தையிடம் கிடைத்த 116இ வகை, மாட்டு வைரஸின் துண்டொன்றை இயற்கையாகவே ஏற்றிருந்த மனித வைரஸ்; தொற்றிய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை என்பதுதான் ஆய்வாளர்களை ஈர்த்தது. அதிலிருந்து உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூரில் சோதிக்கப்பட்டு, 2016இல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 6, 10, 14ஆம் வாரங்களில் வாய்வழி தரப்படுகிறது.