புது டிஸ்க்கும் இரண்டு பூட்டும்

லினக்ஸ் கணினியில் புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்து, சாம்பா என்ற மென்பொருள் வழியாக நெட்வொர்க்கில் பகிர்ந்தாயிற்று. அடுத்த அறையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் ஃபோல்டர் தெரிகிறது, திறக்கவும் செய்கிறது. ஒரு படத்தை அதில் போட்டால் மட்டும் அனுமதி இல்லை என்கிறது. எழுதலாம் என்று சாம்பாவில் குறித்து வைத்திருந்தும் இதே கதைதான். வேறு வேறு காலத்தில் பிறந்த இரண்டு பூட்டுகள் இங்கே ஒரே கதவில் தொங்குகின்றன.

பழைய பூட்டு யூனிக்ஸ் போட்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய அந்த அமைப்பில் ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்தினார்கள். அதனால் எந்தக் கோப்பு யாருடையது என்பது முதலிலேயே முடிவாக வேண்டியிருந்தது. 1971ஆம் ஆண்டின் முதல் கையேட்டிலேயே உரிமையாளருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி அனுமதிகள் இருந்தன. குழு என்ற நடுப்படி பிறகு வந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது.

இன்னொன்று பிசி உலகத்தின் பூட்டு. 1980களில் ஐபிஎம்மின் பாரி ஃபைகன்பாம் கோப்புப் பகிர்வுக்கென வகுத்த எஸ்எம்பி நெறிமுறை, மைக்ரோசாஃப்ட் வழியாக அலுவலகங்களெங்கும் பரவியது.

இரண்டையும் இணைத்தவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991 இறுதியில் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த அவருக்கு, சன் கணினியின் டிஸ்க்கைத் தன் பிசியிலிருந்து திறக்க வேண்டியிருந்தது. கம்பியில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்தே நெறிமுறையைப் புரிந்துகொண்டு, அதே மொழி பேசும் நிரல் ஒன்றை எழுதினார். அந்த நெறிமுறை எஸ்எம்பி என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது! பின்னாளில் நிரலின் பழைய பெயருக்கு வணிகச் சின்னச் சிக்கல் வந்தபோது, எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடினார். சால்மன்பெரி, ஸ்க்ராம்பிள் போன்றவற்றோடு சாம்பாவும் அகப்பட்டது. பொறுமையாகக் கவனித்தே ஒருவர் கட்டிய இந்தப் பாலம் கணினி வரலாற்றின் அருமையான சாதனைகளில் ஒன்று.

சாம்பாவில் எழுதலாம் என்று குறித்தது பிசி பூட்டை மட்டுமே திறக்கும்; யூனிக்ஸின் பூட்டைச் சாம்பா உடைப்பதில்லை. உள்ளே வந்தவரின் லினக்ஸ் கணக்காகவே மாறித்தான் டிஸ்க்கைத் தொடுகிறது. புது டிஸ்க்கின் மேல்மட்ட ஃபோல்டரோ வழக்கமாக ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்குச் சொந்தம், அனுமதி 755. மற்றவர் படிக்கலாம், எழுத முடியாது. சிஎச்ஓன் கட்டளையால் உரிமையாளரை மாற்றினால் பூட்டு திறக்கும். டிஸ்க்கை ஒரு ஃபோல்டரின் மேல் மவுன்ட் செய்த பிறகுதான் அந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் மாறுவது அடியில் மறையப்போகும் வெற்று ஃபோல்டரின் உரிமைதான். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் என்றால் இந்தக் கட்டளையும் பலிக்காது. யூனிக்ஸ் உரிமையாளரைக் குறித்து வைக்க அதில் இடமே இல்லை. மவுன்ட் செய்யும்போதே உரிமையாளர் யாரென்று சொல்லிவிட வேண்டும்.